முதலில் ஒலி, அப்புறம் ஒளி: ஆல்பம் பாட்டுக்கு மார்க் போடுவது எப்படி

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு கல்லூரி விழாவுக்கு ஆல்பம் பாட்டுப் போட்டி நடுவராகப் போயிருந்தேன். மொத்தம் 14 பாட்டு. அதில் ஒன்பதில் மஞ்சள் சுவர் வந்தது. ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், அதன்மேல் வழியும் காகிதப்பூ, கீழே ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிச் சாய்ந்து நிற்கும் பையன். அந்த ஒன்பதில் ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். கடல்மேலிருந்து பீச் ரோடு வரை வழுக்கிக்கொண்டு வந்த ஒரு ட்ரோன் ஷாட் என்னை மயக்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து வீட்டில் குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாயில் ஒரு பாட்டு தானாக ஓடியது. "நெத்திலி... நெத்திலி... சின்ன மீனுன்னு சிரிச்சிடாத." நான் மூன்றாம் பரிசு கொடுத்த பாட்டு. சரி, முதல் பரிசுப் பாட்டு எப்படிப் போகும் என்று யோசித்தேன். மஞ்சள் சுவர் வந்தது. ட்ரோன் வந்தது. அந்தப் பையன் போட்டிருந்த வெளிர்நீலச் சட்டைகூட வந்தது. மெட்டு மட்டும் கடைசிவரை வரவில்லை.

அன்றைக்கு நான் மார்க் போட்டது பாட்டுக்கு இல்லை, சுண்ணாம்புக்கு. அதன் பிறகுதான் இந்த முறையை வைத்துக்கொண்டேன். உங்கள் ஊர்க் கல்லூரியிலோ தெருப் பொங்கல் விழாவிலோ உங்களை நடுவர் நாற்காலியில் உட்காரவைத்தால் உதவும். உட்காரவைக்காவிட்டாலும், நண்பன் ஒரு லிங்க் அனுப்பி "எப்படி மச்சி இருக்கு?" என்று கேட்கும்போது உதவும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கடலூர்க்காரி. ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருஷம் கீபோர்டு வாசித்தேன். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று மாவட்டம் முழுக்க மேடை பார்த்தாயிற்று. இப்போது திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தம்பி மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறான். இந்த முறையில் காது சம்பந்தப்பட்டது என்னுடையது, கண் சம்பந்தப்பட்டது பெரும்பாலும் அவனுடையது. சினிமாவில் வராமல் தனியாகப் போடும் பாட்டை நம் பக்கம் எல்லாரும் ஆல்பம் பாட்டு என்றுதான் சொல்கிறோம். ஒரே ஒரு பாட்டு இருந்தாலும் ஆல்பம்தான். அதை நான் திருத்தப் போவதில்லை.

சின்ன வயதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் 'ஒலியும் ஒளியும்' பார்க்க எதிர்வீட்டுத் திண்ணையில் இடம்பிடித்த தலைமுறை நான். அந்தப் பெயரில் ஒலிதான் முன்னால் நிற்கிறது. அதில் வந்த பாட்டெல்லாம் ரேடியோவிலும் டீக்கடையிலும் கேட்டுக் கேட்டு எங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். படம் பிறகு வந்து அதன்மேல் உட்காரும். இப்போது இரண்டும் ஒரே நொடியில் வருகின்றன. இரண்டையும் சேர்த்து விட்டால் கண்தான் ஜெயிக்கும், காது பேசாமல் பின்னால் நின்றுகொள்ளும். அதனால் ஒவ்வொரு பாட்டையும் மூன்று தடவை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் படம் இல்லாமல், அப்புறம் சத்தம் இல்லாமல், கடைசியாக இரண்டும் சேர்த்து. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டால் அப்புறம் கண்ணை மூடினாலும் அந்தப் படம்தான் ஓடும்.

முதல் தடவை கேட்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல இடம் கடலூர் – புதுச்சேரி பஸ். போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒரு காதில் மட்டும் இயர்போன். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் மூன்று பாட்டு, முள்ளோடையில் சாராயக்கடை வரிசைக்குப் பக்கத்தில் பஸ் நின்று கிளம்புவதற்குள் இன்னொன்று. ஹாரன் சத்தத்தையும் கண்டக்டர் விசிலையும் தாண்டி எது காதுக்குள் வருகிறதோ, அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் அதே பாட்டை இயர்போன் இல்லாமல் போன் ஸ்பீக்கரில் போடுங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ், அதாவது அடியில் ஓடும் கனத்த ஒலி, ஏறக்குறைய காணாமல் போய்விடும். மிக்ஸிங்கில் பூசிய மினுக்கும் போய்விடும். மிஞ்சுவது மெட்டு, சொல், குரல். இந்த மூன்றும் நிற்கிறதா என்று பாருங்கள்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புயல். 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி' யூடியூபில் வந்து ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் எங்கள் கடற்கரையில் ஏறியது. கரன்ட் இல்லை, டிவி இல்லை, நெட் இல்லை. விழுந்த பலாமரங்களையும் முந்திரியையும் பார்த்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், யாரோ ஒரு பையன் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றபடி போன் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டான். தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரிதான் கேட்டது. ஆனாலும் குடத்தோடு நின்ற பொம்பளைகள் பாதிப் பேர் கூடச் சேர்ந்து முணுமுணுத்தார்கள். அதன் வீடியோவில்கூட என்ன இருந்தது? ரெக்கார்டிங் தியேட்டர், மைக், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசிப் பாடும் சில பேர். பாட்டுக்கு மேலே வீடியோ எதையும் அடுக்கவில்லை. அந்தப் பாட்டின் வரிகள்மேல் எனக்கு இன்றைக்கும் வழக்கு இருக்கிறது, அது வேறு விஷயம்.

சரி, முதல் தடவை கேட்கும்போது எதைக் கவனிப்பது? மெட்டு மனதில் நிற்கிறதா என்பதை அந்த நிமிடமே சோதிக்காதீர்கள். ஒரு தடவை கேட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். வெங்காயம் உரியுங்கள், துணி மடியுங்கள். சாயங்காலம், வார்த்தை இல்லாமல் 'தன்னன்னா' போட்டு முனகிப் பாருங்கள். பல்லவியில் நாலு சொல்லுக்காவது மெட்டு திரும்பி வந்தால் பாட்டு பிழைத்தது. வராவிட்டால் இன்னொரு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவையும் வராவிட்டால் அந்தப் பாட்டை யாரும் காப்பாற்ற முடியாது.

அப்புறம் லூப். இப்போது பிள்ளைகள் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை சாஃப்ட்வேரில் நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வைத்து ஒரு வட்டம் போட்டுவிட்டு, அதையே பாட்டு முழுக்க ஓட விடுகிறார்கள். அது தப்பே இல்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். நிமிடத்துக்கு 100 தாள அடி வேகம் என்றால் நாலு அடி கொண்ட ஒரு பார் 2.4 நொடி. நாலு பார் சேர்ந்த வட்டம் 9.6 நொடி. மூன்றரை நிமிடப் பாட்டில் அந்த வட்டம் கிட்டத்தட்ட 22 தடவை சுற்றும். ஒரு தாளில் 22 கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக என்ன வந்தது, என்ன போனது என்று ஒரு சொல் எழுதுங்கள். கைதட்டு சேர்ந்தது, பேஸ் நின்றது, கோரஸ் வந்தது, புல்லாங்குழல் பிட் ஒன்று. பாதிக் கோட்டுக்கு மேல் காலியாக இருந்தால் அந்த மியூசிக் டைரக்டர் தூங்கிவிட்டார். முக்கியமாகச் சரணத்தைப் பாருங்கள். பல்லவி வாசல் என்றால் சரணம் உள் அறை. கதவைத் திறந்தால் மறுபடியும் அதே வாசல்தான் என்றால் எதற்காக உள்ளே கூப்பிட்டார்கள்?

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம், சொல். நம் மொழியில் குறிலும் நெடிலும் விளையாட்டில்லை. ஒரு மாத்திரை தப்பினால் பொருளே மாறிவிடும். மலை மாலையாகும், படம் பாடமாகும், கல் காலாகும். மெட்டுப் போடுகிறவர் முதலில் 'தானனா' என்று தத்தகாரம் கொடுப்பார், எழுதுகிறவர் அதற்குள் சொல்லை உட்காரவைப்பார். நெடில் விழ வேண்டிய இடத்தில் குறிலை வைத்துவிட்டால் பாடகர் என்ன செய்வார் பாவம், இழுத்துத்தான் ஆக வேண்டும்.

அந்தப் போட்டியிலேயே ஒரு காதல் தோல்விப் பாட்டு வந்தது. "என்னை விடு... விடு..." என்பதுதான் பல்லவி. நல்ல குரல், சோகமான ராகம். ஆனால் 'வி' என்ற எழுத்தை இரண்டு அடிக்கு இழுத்துவிட்டார்கள். காதில் விழுந்தது "என்னை வீடு... வீடு..." எனக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு நடுவர் என் காதில், "வாடகைக்கா, விலைக்கா?" என்றார். அப்புறம் அந்தப் பாட்டில் யார் அழுதாலும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனைக்கும் அதைச் சரிசெய்ய மெட்டை மாற்றவே வேண்டாம். 'வி'யை ஒரே அடியில் வெட்டிவிட்டு, மிச்சத்தை 'டு'வின் மேல் இழுத்திருக்கலாம். "விடூ..." என்று கடைசி எழுத்தை நீட்டினால் தமிழ்க் காது ஒன்றும் சொல்லாது. மாடியிலிருந்து பிள்ளையைக் கூப்பிடும்போது நாம் அப்படித்தானே நீட்டுகிறோம்.

இதைப் பிடிப்பதற்கு ஒரு வழி உண்டு. பாட்டை நிறுத்திவிட்டு வரியை மட்டும் பேசுகிற மாதிரி சொல்லுங்கள், தொடையில் தாளம் தட்டிக்கொண்டே. பேச்சில் எந்த எழுத்து நீள்கிறதோ அது பாட்டிலும் நீள்கிறதா? பேச்சில் நாம் மூச்சு விடுகிற இடத்தில் பாட்டு மூச்சு விடுகிறதா? "என் உயி" என்று நிறுத்தி, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு "ரே" என்று பாடினால் உயிர் பாதியில் போய்விட்டது. 'நெத்திலி'யை இப்படித் தட்டிப் பாருங்கள். 'நெத்' கனமாக அடியில் விழுகிறது, 'திலி' துள்ளிக்கொண்டு ஓடுகிறது. மீன் வாளியில் துள்ளுகிற மாதிரி. அந்தப் பாட்டைப் போட்ட பையனிடம், இதை யோசித்து வைத்தானா என்று பின்னால் கேட்டேன். "இல்ல டீச்சர், அம்மா தெருவுல அப்படித்தான் கூவுவாங்க" என்றான்.

'பேபி', 'மாமே', 'வைப்' எல்லாம் வந்தால் மார்க் குறைக்கலாமா என்று ஒரு தம்பி என்னைக் கேட்டார். குறைக்காதீர்கள். நாம் பேசுகிற தமிழில் அவையும் இருக்கின்றன. மெட்டில் ஓட்டை விழுந்த இடத்தில் அடைக்கிற துணியாக வந்தால் மட்டும் குறையுங்கள்.

குரலுக்கு வருவோம். குரலின் சுருதியைச் சரிசெய்கிற ஆட்டோட்யூன் சாஃப்ட்வேர் போட்டிருந்தாலே சிலர் முகம் சுளிக்கிறார்கள். 1998-ல் ஷேர் 'பிலீவ்' பாடியபோதே அது வெளிப்படையான ஒரு அலங்காரமாகிவிட்டது. குரலை இயந்திரம்போல ஆக்க வேண்டும் என்றே போட்டால் அது ஒரு வாத்தியம். பாடத் தெரியாததை மறைக்கப் போட்டால் மோசடி. வித்தியாசம் எப்படித் தெரியும்? நம் பாட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குக் குரல் சறுக்கிக்கொண்டு போகும். படிக்கட்டில் டக் டக்கென்று ஏறினால் அங்கே இயந்திரம் இருக்கிறது. சங்கதி, அதாவது குரல் வளைந்து நெளிகிற அலங்காரம், விழ வேண்டிய இடத்தில் குரல் நேர்க்கோடாக நின்றால் அந்தச் சறுக்கலையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். வரி முடிகிற இடத்தில் மூச்சு கேட்கிறதா என்றும் பாருங்கள். பாட்டு முழுக்க ஒரு மூச்சுகூடக் கேட்காவிட்டால் அந்த ஆளை எடிட்டிங்கில் கொன்றுவிட்டார்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சத்தமாக இருக்கிற பாட்டு எப்போதும் நல்ல பாட்டு மாதிரித் தெரியும். எத்தனை வருஷம் மேடையில் நின்றாலும் இதில் நான் ஏமாறுகிறேன். யூடியூபில் கேட்டால் இந்தத் தொல்லை குறைவு, ரொம்பச் சத்தமாக மிக்ஸ் செய்த பாட்டை அது தானாகவே இறக்கிப் போடும். ஆனால் போட்டிகளில் பென் டிரைவில் கொடுப்பார்கள். ஒரு பாட்டு கிசுகிசுக்கும், அடுத்தது மண்டையில் அடிக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் நீங்களே வால்யூமைத் திருகி, பாடும் குரல் ஒரே அளவில் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைப்பாளர் பையன் முறைப்பான், முறைக்கட்டும்.

இரண்டு பாட்டில் ஒரே ட்ரம் லூப் வந்தால் உடனே காப்பி என்று எழுதிவிடாதீர்கள். சாஃப்ட்வேரோடு வருகிற லூப்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நாலு கார்டு ஒன்றாக இருப்பதும் ஒரே ராகமாக இருப்பதும் திருட்டு இல்லை. மெட்டின் நடை, எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பது, தாளத்தோடு சேர்ந்து அப்படியே ஒத்துப்போனால்தான் பேச்சு. சந்தேகம் வந்தால் பாதி வேகத்தில் முனகிப் பாருங்கள். வேகத்தில் ஒளிந்திருந்த மெட்டு மெதுவாகப் போகும்போது முகம் காட்டும்.

இப்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் படம். இதில் தம்பிதான் குரு. அவன் கடையில் உட்கார்ந்துதான் பார்ப்பேன், டீ அவன் செலவு.

அவன் முதலில் கேட்பது, "இது சோகப் பாட்டா, குத்துப் பாட்டா? சத்தம் இல்லாம சொல்லுக்கா பாக்கலாம்." வெட்டுகிற வேகத்திலேயே பாட்டின் நடை தெரிய வேண்டும் என்பான். புளியங்கொட்டை ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு நிமிடத்துக்கு, ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று கீழே வையுங்கள். தாலாட்டு மாதிரியான பாட்டுக்கு ஐம்பது கொட்டை விழுந்தால் எடிட்டருக்கு ஏதோ பதற்றம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட் வைக்கிற பழக்கம் இப்போது அதிகம். அதற்குத் தம்பி சொல்வது: "தாளத்துல வெட்டறது கத்திரிக்கா வெட்டற மாதிரிக்கா. யார் வேணா வெட்டலாம். எங்க வெட்டாம விடணும்னு தெரியணும்." நடனம் இருந்தால் இன்னும் கவனம். பாதம் முதல் தலை வரை ஆளை முழுசாக வைத்து, எட்டு எண்ணுகிற வரைக்கும் வெட்டாமல் ஒரு இடத்திலாவது காட்டுகிறார்களா? காட்டாவிட்டால் அந்தப் பையனுக்கு ஆடத் தெரியாது, எடிட்டர் ஆடியிருக்கிறார்.

உதட்டசைவைப் பார்க்க மட்டும் சத்தத்தை ஒரு நிமிடம் திறந்துகொள்ளலாம். 'ப', 'ம' வருகிற சொற்களைப் பிடியுங்கள், அந்த எழுத்துகளில் உதடு மூடியே ஆக வேண்டும். "அம்மா" என்று கேட்கும்போது வாய் திறந்திருந்தால் சிங்க், அதாவது சத்தமும் உதடும் சேர்கிற இடம், தள்ளியிருக்கிறது. நொடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்தால் மூன்று ஃப்ரேம் தள்ளுவது நொடியில் எட்டில் ஒரு பங்கு. சொல்லிக்காட்டத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவர் மனசுக்கு ஏதோ உறுத்தும். அப்புறம் கழுத்தைப் பாருங்கள். உச்சஸ்தாயியில் கத்துகிற வரியில் தொண்டை நரம்பு அசையாமல் உதடு மட்டும் அசைந்தால், ஷூட்டிங்கில் அவர் வாய்க்குள்ளே முணுமுணுத்திருக்கிறார். நிஜமாகவே பாடிக்கொண்டு நடிக்கச் சொல்ல வேண்டும். ஸ்லோமோஷனில் உதடு சரியாக வந்தால் மட்டும் ஒரு சபாஷ் போடுங்கள். நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுத்து 24-ல் ஓட்டுவதற்கு, ஷூட்டிங்கில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு வாயசைத்து முகத்தில் மட்டும் நிதானம் காட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று செய்து பாருங்கள், புரியும்.

காசு எவ்வளவு செலவழித்தார்கள் என்பதை மறந்துவிடுங்கள். 1990-ல் ஷினேட் ஓகானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' வீடியோவில் பெரும்பாலும் அவர் முகம்தான், க்ளோசப்பில், கண்ணீர் வழிகிற வரைக்கும். 2006-ல் ஓகே கோ என்ற குழு எட்டு ட்ரெட்மில்லை வரிசையாகப் போட்டு, ஒரே ஷாட்டில் வெட்டாமல் ஆடி முடித்தது. ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கும், யோசனை கிடைக்காது. அதே சமயம் ஏழ்மைக்கும் மார்க் கிடையாது. போனில் எடுத்தேன் என்பது தகுதி ஆகாது, மன்னிப்பும் ஆகாது.

மஞ்சள் சுவருக்கு வருவோம். எனக்கு அந்தச் சுவர்மேல் கோபம் இல்லை. அந்தப் பாட்டு அந்தத் தெருவில் ஏன் நடக்கிறது என்பதற்கு ஒரு பதில் வேண்டும். பையன் பாகூரில் ஏரிக்கரையில் வளர்ந்தவன், பாட்டில் வருகிற பெண் வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில் நிற்பதாக அவனே எழுதியிருக்கிறான், படத்தில் மட்டும் இருவரும் ஒயிட் டவுனில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அங்கே யார் வீடு அது?

இதைவிட அழகான கூத்து ஒன்று பார்த்தேன். "மாலைச் சூரியன் கடலில் விழ" என்று வரி. நம் கரை கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. பிள்ளைகள் விடுவார்களா? விடியற்காலையில் தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போய் உதயத்தை எடுத்து, எடிட்டிங்கில் பின்பக்கமாக ஓட்டிவிட்டார்கள். சூரியன் ஒழுங்காகக் கீழே இறங்கியது. ஆனால் கரையில் நுரை சுருட்டிக்கொண்டு கடலுக்குத் திரும்ப, அலை பின்னால் நடந்து போய் நிமிர்ந்து நின்றது. தூரத்தில் ஒரு நாய்கூடப் பின்னாலேயே ஓடியது. தம்பி சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிவிட்டான். உழைப்புக்காக இரண்டு மார்க் சேர்த்துப் போட்டேன். நியாயமில்லைதான்.

மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இதில் ஒரே கேள்விதான்: பாட்டு சொல்லாத எதையாவது படம் சொல்கிறதா? நிலா என்றால் நிலா, பூ என்றால் பூ, கண்ணீர் என்றால் கண்ணில் கிளிசரின் என்று போனால் அது பாலர் பள்ளிச் சுவர்ப்படம். படம் பாட்டோடு சண்டைகூடப் போடலாம். பாட்டை நிறுத்திவிட்டுக் கதைகூடச் சொல்லலாம். 1983-ல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வந்தபோது ஆறு நிமிடத்துக்குள் இருந்த பாட்டு கிட்டத்தட்ட 14 நிமிடப் படமாக நீண்டது. அதற்குக் காரணம் கேட்டால் அந்தப் படத்தில் பதில் இருக்கும்.

'நெத்திலி'யில் நான் தவறவிட்டதும் இந்த இடத்தில்தான். பையன் சோனாங்குப்பத்துக்காரன். அவன் அம்மா தலையில் அன்னக்கூடையோடு துறைமுகத்திலிருந்து தெருவுக்கு நடக்கிறார், பின்னாலேயே போனைப் பிடித்துக்கொண்டு அவனும் நடக்கிறான். மூன்று நிமிடமும் நமக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். போன் ஆடுகிறது, ஒரு இடத்தில் வெளிச்சம் வெளிறிப்போகிறது. 'கேமரா ஆட்டம்' என்று எழுதி மார்க்கைக் குறைத்தேன். இரண்டாவது பல்லவி வருவதற்கு முன்னால் அந்த அம்மா ஒரு வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைக்கிறார். கூடை தரையைத் தொடுகிற நொடியில் தாளம் முழுசாக நின்றுபோகிறது. ஒரு பார், நாலு அடி, சத்தமே இல்லை. அவர் இடுப்பில் கை வைத்து நிமிர்கிறார். கூடையைத் தூக்கும்போது தாளமும் கூடவே எழுகிறது. தலைச்சுமை என்றோ வலி என்றோ பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. போட்டி அன்று அந்த நாலு அடி மௌனத்தில் நான் குனிந்து 'கேமரா ஆட்டம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பார்க்கும்போது எழுதாதீர்கள், முடிந்த பிறகு எழுதுங்கள்.

மார்க் போடுவது பற்றிச் சுருக்கமாக. இசைக்கு 20, வரிக்கு 20, ஒளிப்பதிவுக்கு 20 என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதை உடனே நிரப்பாதீர்கள். பின்பக்கம் திருப்பி, ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். "கூடை இறங்கும்போது தாளம் நின்றது" என்கிற மாதிரி, அந்தப் பாட்டுக்கு மட்டும் பொருந்துகிற வாக்கியம். 'நல்ல முயற்சி' என்றுதான் எழுத வருகிறது என்றால் உங்களுக்கு அந்தப் பாட்டில் எதுவும் நினைவில்லை. எண்களை அந்த வாக்கியங்களைப் பார்த்துப் போடுங்கள். மார்க் போட்டு முடிக்கும்வரை யூடியூபில் எத்தனை வியூஸ் என்று போய்ப் பார்க்காதீர்கள், கமென்ட்டையும் படிக்காதீர்கள். போட்டியில் உங்கள் மாணவன் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த ஒரு பாட்டுக்கு ஒதுங்கிக்கொள்ளுங்கள். கடலூர் மாதிரி ஊரில் யாராவது ஒருவர் யாருக்காவது மாணவனாகத்தான் இருப்பார்.

முடிவு சொன்ன பிறகு பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவர்களிடம் மூன்று குறை சொல்லாதீர்கள், ஒன்று சொல்லுங்கள். திருத்தக்கூடியதாக, எந்த வரி, எத்தனையாவது நொடி என்று காட்டிச் சொல்லுங்கள்.

சோனாங்குப்பத்துப் பையனின் நம்பரைத் தேடிப் பிடித்து, அந்த நாலு அடி மௌனத்தை நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்றான், அவ்வளவுதான். போன வாரம் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. "புதுப் பாட்டு டீச்சர். வீடியோ இன்னும் எடுக்கல. பாட்டு மட்டும் அனுப்பவா?"

அனுப்பச் சொன்னேன். புதுச்சேரி பஸ்ஸில் கன்னியக்கோயில் தாண்டியிருந்தோம், ஜன்னல் ஓரம் இடம் கிடைத்திருந்தது. போனை மடியில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு தடவை கேட்டேன். தவளக்குப்பத்தில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "ரெண்டாவது வரியில மழையை இழுக்காதப்பா, மாழைன்னு கேக்குது. 'ழை'யில நீட்டு."

அரியாங்குப்பம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது. பாடித் திருத்திய ஒரே ஒரு வரி, பின்னணியில் அவன் அம்மா யாரிடமோ சங்கரா மீனுக்கு விலை பேசுகிற சத்தத்தோடு.